ஜிரூவும் மச்சினரின் பாட்டியும்

கேள்வி: கோச் சாருக்கு வணக்கம். 1998 கால்பந்து உலகக் கோப்பையிலிருந்து நான் பிரான்ஸ் கட்சி. என் மச்சினன் லண்டனின் ஆர்சனல் கிளப் வெறியன். இரண்டு அணிக்கும் ஃபார்வர்டாக ஆடிய ஒலிவியே ஜிரூ பெயரை எடுத்தாலே எங்கள் வீட்டில் சண்டைதான். பிரான்ஸுக்காக 57 கோல் போட்டவர், அணியிலிருந்து விலகும்போது அந்த நாட்டில் அவரைவிட அதிகம் போட்டவர் யாரும் இல்லை, அவரை ஏன் ஒருவரும் கொண்டாடுவதில்லை என்று நான் கேட்பேன். "2018 உலகக் கோப்பைல 546 நிமிஷம் ஆடி டார்கெட்ல ஒரு ஷாட்கூட அடிக்கல. அந்த இடத்துல எங்க பாட்டியை நிறுத்தியிருந்தாலும் பிரான்ஸ் ஜெயிச்சிருக்கும்" என்பான் அவன்.

இப்போது இதில் என் பையனும் மாட்டிக்கொண்டான். வயது 13. வகுப்பிலேயே உயரமானவன் என்பதால் பள்ளி அணியில் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தியிருக்கிறார்கள். இந்த வருடம் ஏழு மேட்சில் ஒரே கோல். கூட ஆடுகிற பையன்கள் 'கம்பம்' என்று கூப்பிடுகிறார்களாம். ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "நீ ஜிரூ மாதிரிடா, கோல் போடறது உன் வேலை இல்லை" என்றேன். "அப்போ நான் கோலே போட மாட்டேனாப்பா?" என்று அழுதுவிட்டான். நான் சொன்னது தப்பா சார்? ரசிகர்கள் ஜிரூவுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டுமா, இல்லையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: முதலில் ஒரு வாக்குமூலம். நானும் ஒரு காலத்தில் உங்கள் மச்சினர் கட்சிதான். 2015 பிப்ரவரியில் மொனாக்கோ அணி லண்டனுக்கு வந்து ஆர்சனலை 3-1 என்று அடித்துவிட்டுப் போனது. நம் நேரத்துக்கு நள்ளிரவு ஒன்றேகாலுக்கு ஆரம்பித்த ஆட்டம். ஜிரூ அன்றைக்கு ஒன்றன்பின் ஒன்றாக வாய்ப்பைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். அறுபதாவது நிமிடத்தில் ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கர் அவரை வெளியே எடுத்ததும், வீடே தூங்குகிறது என்பதை மறந்து கை தட்டிவிட்டேன். என் மனைவி எழுந்து வந்து "யார் கோல் போட்டா?" என்றார். "போடாதவனை எடுத்துட்டாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இருபது வருடமாகப் பையன்களுக்கு ஃபார்வர்டு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவன் செய்கிற காரியமா அது? இல்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

மச்சினரின் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2011-12 பருவத்தில் ஆர்சனலுக்கு லீக்கில் மட்டும் 30 கோல் போட்டவர் வான் பெர்சி. அடுத்த கோடையில் அவர் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார், போன கையோடு அவர்கள் பட்டத்தையும் தூக்கினார்கள். அதே கோடையில் ஆர்சனலுக்கு வந்தவர் ஜிரூ. சும்மா வரவில்லை. மொன்பெலியே என்கிற, யாரும் எதிர்பார்க்காத அணி பிரெஞ்சு லீக்கை வென்றது, அதில் 21 கோல் போட்டுவிட்டு வந்தார். ஆனால் ஆர்சனல் ரசிகர்களின் கண்ணுக்குள் வான் பெர்சி இருந்தார், அவருக்குப் பின்னால் அந்த அணியின் பழைய நாயகன், பிரான்ஸ்காரர் தியரி ஆன்ரி இருந்தார். பந்தை வாங்கித் திரும்பி நாலு பேரைத் தாண்டி ஓடுகிற ஃபார்வர்டுகளைப் பார்த்துப் பழகிய கூட்டம் அது. இவரோ ஓட்டத்தில் வேகம் குறைவு. முடி கலையாமல் இருப்பதுகூட ஒரு குற்றமாகப் பேசப்பட்டது.

2015 ஏப்ரலில் செல்சியுடன் ஆர்சனல் கோலில்லாமல் டிரா செய்த அன்று, தொலைக்காட்சியில் விமர்சகராக உட்கார்ந்திருந்த ஆன்ரியே ஒரு வார்த்தை சொன்னார்: ஜிரூவை முன்னே வைத்துக்கொண்டு ஆர்சனல் லீக் பட்டம் வெல்ல முடியும் என்று தனக்குத் தோன்றவில்லை என்றார். இந்த ஆன்ரியை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.

அடுத்த பருவமே ஆன்ரி சொன்னதற்குச் சாட்சி மாதிரி ஆயிற்று. லெஸ்டர் சிட்டி பட்டம் வென்ற பருவம். மற்ற பெரிய அணிகள் எல்லாம் தடுமாறிக்கொண்டிருந்தன, ஆர்சனலுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு அமையப்போவதில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2016 ஜனவரியில் லிவர்பூலுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார் ஜிரூ. அதற்குப் பிறகு லீக்கில் அவருடைய அடுத்த கோல் எப்போது வந்தது தெரியுமா? மே 8-ஆம் தேதி, மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக, பருவம் முடிய ஒரே ஆட்டம் பாக்கி இருந்தபோது. கடைசி நாளில், ஏற்கெனவே கீழ் டிவிஷனுக்கு இறங்குவது முடிவாகியிருந்த ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஹாட்ரிக் வேறு! ஆர்சனல் பத்துப் புள்ளி பின்னால் இரண்டாவது இடம். உங்கள் மச்சினர் இந்த நாலு மாதத்தைப் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். அது நியாயமான வழக்கு.

ஆனால் அவர் பேசுவது 2018-ஐப் பற்றி. அங்கேதான் வழக்கு தோற்கிறது.

ரஷ்யாவில் முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக பயிற்சியாளர் திதியே தெஷாம் ஜிரூவை பெஞ்சில் உட்கார வைத்தார். முன்னே எம்பாப்பே, க்ரீஸ்மான், டெம்பேலே, மூவருமே வேகக்காரர்கள். காகிதத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். மைதானத்தில் என்ன நடந்தது? ஆஸ்திரேலிய டிஃபெண்டர்கள் பின்னால் இறங்கி வரிசையாக நின்றுகொண்டார்கள். ஓட இடமே இல்லை. வேகக்காரனுக்கு இடம் இல்லையென்றால் அவன் வேகம் எதற்கு? வீடியோ பார்த்துக் கொடுத்த ஒரு பெனால்டியில் பிரான்ஸ் முன்னேறியது, உடனே இன்னொரு பெனால்டியில் ஆஸ்திரேலியா சமன் செய்தது. எழுபதாவது நிமிடத்தில் ஜிரூ உள்ளே வந்தார். 81-வது நிமிடம் நடுக்கள ஆட்டக்காரர் போக்பா பந்தை அவர் காலுக்குத் தட்டிவிட்டு ஓடினார், ஜிரூ அதைத் திருப்பி அவர் பாதையில் வைத்தார், போக்பா தட்டிய பந்து டிஃபெண்டர் மேல் பட்டு, வளைந்து, உள்ளே போனது. அடுத்த ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம்வரை தெஷாமின் தொடக்க வரிசையில் ஜிரூ இல்லாத ஆட்டமே இல்லை.

அவர் செய்த வேலையை என் பையன்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். கல்யாண மண்டப வாசலில் ஒரு மாமா நிற்பார். பந்தி பரிமாறுவதை மேற்பார்வை பார்க்க வேண்டிய இரண்டு பெரியவர்களை அவர் பேச்சில் பிடித்துவைத்துக்கொள்வார். "பெரியப்பா, அந்த நிலம் என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்தால் அவர்களால் நகரவே முடியாது. அந்த நேரத்தில் ஒரு சின்னப் பையன் நேராக முதல் பந்தியில் போய் உட்கார்ந்துவிடுவான். ஜிரூ அந்த மாமா. எம்பாப்பே அந்தப் பையன்.

மைதான பாஷையில் சொன்னால், ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற தோளும் உள்ள ஒருவர் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். சென்டர் பேக், அதாவது நடுவில் நிற்கும் டிஃபெண்டர், அவரை ஒட்டி நின்றால், தனக்குப் பின்னால் இடத்தை விட்டுவிட்டு வருகிறார் என்று அர்த்தம், அந்த இடத்தில் எம்பாப்பே ஓடுவார். ஒட்டாமல் விட்டால், ஜிரூ நெஞ்சில் பந்தை இறக்கி க்ரீஸ்மானுக்கு வைத்துக் கொடுப்பார். எப்படிச் செய்தாலும் ஒரு ஓட்டை. அர்ஜென்டினாவுக்கு எதிராக எம்பாப்பே போட்ட இரண்டாவது கோலை மறுபடி போட்டுப் பாருங்கள். பந்து பின்னாலிருந்து நாலைந்து கால் மாறி ஜிரூவிடம் வருகிறது. அவர் அதை நிறுத்தவேயில்லை. ஒரே தொடலில் வலது பக்கம் ஓடிவரும் எம்பாப்பேயின் பாதையில் உருட்டிவிட்டார். இரண்டு தொடல் எடுத்திருந்தால் அந்த இடம் மூடியிருக்கும்.

அப்புறம், டார்கெட்டில் ஒரு ஷாட்கூட இல்லை என்ற அந்தக் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் பெருவுக்கு எதிராக 34-வது நிமிடத்தில் எம்பாப்பே போட்ட கோல் எப்படி வந்தது? ஜிரூ கோலை நோக்கி அடித்தார், குறுக்கே வந்த டிஃபெண்டர் மேல் பட்டு பந்து எழும்பி கோல்கீப்பரைத் தாண்டியது, எம்பாப்பே ஓடிவந்து காலி வலையில் தட்டினார். டிஃபெண்டர் மேல் பட்ட ஷாட் 'டார்கெட்' கணக்கில் வராது. அந்த ஒரு கோல்தான் அன்றைய ஆட்டத்தின் முடிவு. புள்ளிவிவரத்தை நான் வெறுப்பவன் இல்லை, என் நோட்டு முழுக்க அதுதான். ஆனால் ஒரு பூஜ்யத்தைப் பார்த்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

பாட்டி விஷயம் இதோடு முடிந்தது என்று நினைக்கிறேன். பாட்டியை நிறுத்தினால் சென்டர் பேக் இருவரும் அவரை விட்டுவிட்டு எம்பாப்பேயிடம் போய்விடுவார்கள்.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். நீங்கள் ஜிரூவுக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒரு தவறு செய்கிறீர்கள். நீங்கள் மட்டுமில்லை, 2018-க்குப் பிறகு அவரைப் பாராட்டுகிற பெரும்பாலானவர்கள் செய்வதும் அதுதான். "அவர் கோல் போட மாட்டார், ஆனால் மற்றவர்களுக்காக உழைப்பார்" என்று அவரை ஒரு தியாகியாக ஆக்கிவிட்டார்கள். அந்த மனிதர் கோல் பசி பிடித்தவர் சார்! 2018-லும் கோல் போட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு ஆட்டத்திலும் இறங்கினார். அரையிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக, எம்பாப்பே குதிகாலால் பின்பக்கம் தட்டிவிட்ட அந்த அபாரமான பந்தில் அவர் அடித்த ஷாட்டை எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் தடுத்துவிட்டார். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் தியாகி என்று சொல்ல மாட்டீர்கள். அந்தப் போட்டியில் அவர் போட்டிருக்க வேண்டிய கோல்கள் இருந்தன, போடவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீங்கள் 1998-லிருந்து பிரான்ஸ் கட்சி என்பதால் கிவார்ஷ் ஞாபகம் இருக்கும். அந்த உலகக் கோப்பையில் சென்டர் ஃபார்வர்டாக ஆடி, ஒரு கோல்கூட போடாமல், இறுதியாட்டத்தில் வாய்ப்புகளை வீணாக்கி, கோப்பையையும் கையில் வாங்கியவர். அப்போது அணித் தலைவர் யார்? இதே தெஷாம். அதனால்தான் 2018-ல் ஜிரூவின் பூஜ்யத்தைப் பார்த்து அவர் பதறவில்லை என்பது என் ஊகம். ஆனால் இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கிவார்ஷ் பிரான்ஸுக்குப் போட்டது மொத்தமே ஒரு கோல். ஜிரூ 137 ஆட்டத்தில் 57.

அந்த 57 எப்படிப்பட்ட சூழ்நிலையில் வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். 2015 இறுதியில் ஒரு வழக்கு விவகாரத்தில், பிரான்ஸின் இன்னொரு ஃபார்வர்டான பென்சேமா அணியிலிருந்து ஒதுக்கப்பட்டார். அவர் வேண்டும் என்று கேட்டவர்களின் கோபம் அந்த இடத்தில் ஆடியவர் மேல் திரும்பியது. 2016 மே மாதம், ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ போட்டிக்குச் சில நாள் முன்பு, நாந்த் நகரில் கேமரூனுக்கு எதிராக நட்பு ஆட்டம். சொந்த நாட்டு ரசிகர்கள் ஜிரூவைப் பார்த்து விசில் அடித்தார்கள். நம் ஊர் விசில் இல்லை, ஐரோப்பாவில் விசில் என்றால் கேலி. அன்று அவர் ஒரு கோல் போட்டார். ஐந்து நாள் கழித்து ஸ்காட்லாந்துக்கு எதிராக இரண்டு. அடுத்த வாரம் யூரோவின் தொடக்க ஆட்டத்தில் ருமேனியாவுக்கு எதிராகத் தலையால் முதல் கோல். விசில் அடித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதைவிட இது நல்ல பதில் என்று நினைத்திருப்பார் போல.

விசில் நின்றாலும் ஒப்பீடு நிற்கவில்லை. 2020-ல் பென்சேமாவே ஒரு நேரலையில், தன்னையும் ஜிரூவையும் ஒப்பிடுவது ஃபார்முலா ஒன் காரையும் கோ-கார்ட்டையும் ஒப்பிடுவது போல என்று சொல்லிவிட்டார். தொழில் ரீதியாக என் கருத்தைக் கேட்டால், பென்சேமா மேலான ஃபார்வர்டுதான், சந்தேகமே இல்லை. உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது 2022-ல் அவருக்குத்தான். ஆனால் ஒரு வீட்டில் கார் இருக்கிறது என்பதற்காக சைக்கிளைக் கல்லால் அடிப்பார்களா?

அந்த வருடமே கத்தார் உலகக் கோப்பை. ஆட்டம் தொடங்க ஒரு சில நாள் இருக்கும்போது பென்சேமா காயத்தில் விலகினார். 36 வயதில் பெஞ்சில் உட்காரத் தயாராகப் போன ஜிரூ மறுபடி முன்னே வந்தார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு கோல், அதோடு 51 ஆயிற்று. பிரான்ஸுக்காக அதிக கோல் போட்டவரின் கணக்கை எட்டிப்பிடித்தார். யார் அவர்? "ஜிரூவை வைத்துப் பட்டம் வெல்ல முடியாது" என்ற தியரி ஆன்ரி. டிசம்பர் 4-ஆம் தேதி போலந்துக்கு எதிராக எம்பாப்பே கொடுத்த பாஸில் 52. ஆறு நாள் கழித்து இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில், 1-1 என்று நிற்கும்போது, க்ரீஸ்மான் தூக்கிவிட்ட பந்தைத் தலையால் உள்ளே அனுப்பி பிரான்ஸை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். பூஜ்யம் என்று கேலி செய்யப்பட்டவர் அந்த உலகக் கோப்பையில் போட்டது நான்கு. இறுதியாட்டத்தில் 41-வது நிமிடமே தெஷாம் அவரை வெளியே எடுத்துவிட்டார், அதுவும் நடந்தது. பிரான்ஸ் அப்போது 2-0 பின்னால். அந்த முடிவு சரி என்பதை எம்பாப்பே பிறகு ஆடிய ஆட்டமே காட்டிவிட்டது. பிரான்ஸுக்காக அதிக கோல் போட்டவர் என்ற கணக்கைப் பின்னால் வருகிற எம்பாப்பே தன் பேரில் எழுதிக்கொள்ளலாம். அதனால் ஜிரூ எழுதியது அழிந்துவிடாது.

கோல் போடுகிற வேலையில் அவருடைய கைத்திறமை என்ன என்று கேட்டால், அந்த ஒரு தொடல். பந்தை நிறுத்தி, பார்த்து, அடிப்பவர் இல்லை அவர். கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னே அடிக்கிற பந்து, வரும்போது முதலில் டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் போவார், டிஃபெண்டர் அவரைத் தேடித் தலையைத் திருப்புவார், அந்தக் கணத்தில் இரண்டே எட்டில் முன் கம்பத்துக்கு வந்துவிடுவார். வேகம் குறைவான ஒருவர் டிஃபெண்டருக்கு முன்னால் பந்தைத் தொடுவது இப்படித்தான். நூறு மீட்டர் ஓட்டத்தில் தோற்பவர் இரண்டு மீட்டர் ஓட்டத்தில் ஜெயிக்கிறார். 2020 டிசம்பரில், ஆர்சனலை விட்டுப் போன பிறகு, லண்டனின் இன்னொரு கிளப்பான செல்சிக்காக செவில்லா ஊரில் நான்கு கோல் போட்டாரே, இடது கால், வலது கால், தலை, கடைசியில் பெனால்டி. ஒரு பயிற்சி வகுப்பு மாதிரி இருந்தது. 2017 புத்தாண்டு அன்று கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக, தனக்குப் பின்னால் போன பந்தைக் குதிகாலால் தலைக்கு மேலே தூக்கி அடித்து, வருடத்தின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது வாங்கிய கோலை நான் சேர்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு அந்த வாரம் என் மைதானத்தில் மூன்று பையன்கள் முகம் குப்புற விழுந்தார்கள்.

மச்சினருக்காக இரண்டு ஆட்டத்தை நினைவுபடுத்துகிறேன். 2014-ல் இங்கிலாந்து கிளப்புகளுக்கான எஃப்ஏ கோப்பையின் இறுதி. ஒன்பது வருடமாக ஒரு கோப்பையும் இல்லாத ஆர்சனல், ஹல் சிட்டிக்கு எதிராக 2-0 பின்தங்கி, 2-2 ஆக்கி, கூடுதல் நேரத்தில் ஆர்சனலின் ராம்சி வெற்றிக் கோல் போட்டார். அந்தப் பந்தைக் குதிகாலால் அவருக்குத் தட்டிவிட்டது யார்? 2017 இறுதி, செல்சிக்கு எதிராக. மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, இடது பக்கத்திலிருந்து கிராஸ் போட்டார், ராம்சி மறுபடி. ஆர்சனலுக்காக 253 ஆட்டத்தில் 105 கோல், மூன்று எஃப்ஏ கோப்பை. பிறகு 2019-ல் பாக்கூ நகரில், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் இறுதியாட்டம். செல்சி சட்டையில் அதே ஆர்சனலுக்கு எதிராக முதல் கோலைப் பாய்ந்து தலையால் போட்டார், ஒரு பெனால்டி வாங்கிக் கொடுத்தார், இன்னொரு கோலுக்கு வழி செய்தார். 4-1. மச்சினருக்கு அந்த இரவு வலித்திருக்கும். எனக்கும் வலித்தது. நாம் யாரை வேண்டாம் என்றோம் என்று அன்றுதான் உறைத்தது.

இன்னொரு ஊரில் இதே மனிதர் கொண்டாடப்பட்டார் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். இத்தாலியின் ஏசி மிலான் அணியில் ஒன்பதாம் எண் சட்டை சபிக்கப்பட்டது என்று பேச்சு. பிலிப்போ இன்சாகி 2012-ல் போன பிறகு அதைப் போட்ட டோரஸ், இகுவாயின் எனப் பெரிய பெரிய பெயர்கள் எல்லாம் சோபிக்காமல் போனார்கள். 2021-ல் ஜிரூ அதைக் கேட்டு வாங்கிப் போட்டார். அந்தப் பருவத்தில் லீக்கில் அவர் போட்டது 11 கோல்தான், ஒன்றும் மலைக்கிற எண்ணிக்கை இல்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் அதே ஊர் அணியான இன்டருக்கு எதிரான டெர்பியில் 1-0 பின்னால் இருந்தபோது மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு. கடைசி நாளில் சாசுவோலோவுக்கு எதிராக இரண்டு. பதினோரு வருடம் கழித்து மிலானுக்குப் பட்டம். டெர்பியின் இரண்டாவது கோலில் அவர் சட்டென்று திரும்பி அடித்ததை வைத்து ரசிகர்கள் ஒரு பாட்டே கட்டினார்கள். இத்தாலிய மொழியில் 'திரும்பினான்' என்பதற்கு 'ஜிராத்தோ', அதோடு 'ஜிரூ' எதுகை. ("ஜிரூட்" என்று மச்சினர் சொன்னால் திருத்துங்கள். பிரெஞ்சில் அந்தக் கடைசி 'ட்' வாய்க்குள்ளேயே போய்விடும்.) 2023-ல் ஜெனோவாவுக்கு எதிராக மிலான் கோல்கீப்பர் சிவப்பு அட்டை வாங்கியதும் இவரே கையுறை மாட்டிக்கொண்டு கோலுக்குள் போய் நின்று, ஓடிவந்து ஒரு பந்தையும் காப்பாற்றினார். அதற்கு மறுநாள் அவர் பெயர் போட்ட கோல்கீப்பர் சட்டைகளைக் கடையில் விற்றார்கள்.

சரி, நேரடியாகக் கேட்டீர்கள், நேரடியாகச் சொல்கிறேன். மரியாதை கொடுக்கத்தான் வேண்டும், இதுவரை கொடுத்ததைவிட நிறைய. ஆனால் 'கோல் போடாத உழைப்பாளி' என்ற பெயரில் வேண்டாம். கோல் போடத் தெரிந்தவர், அணிக்குத் தேவைப்பட்டபோது வேறு வேலையையும் செய்தார், அந்த இரண்டுக்கும் சேர்த்துக் கொடுங்கள். ஆன்ரி அளவுக்கு, பென்சேமா அளவுக்கு என்று கேட்காதீர்கள். அங்கே தோற்றுவிடுவீர்கள்.

இப்போது பையன். அவன் அழுததில் ஆச்சரியமே இல்லை. கோல் போடுவது உன் வேலை இல்லை என்று பதின்மூன்று வயது ஃபார்வர்டிடம் அப்பாவே சொன்னால் அவன் என்ன செய்வான்? இன்றைக்கே போய் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். "ஜிரூ 57 கோல் போட்டவர்டா, நான் அரைகுறையாச் சொல்லிட்டேன்" என்று சொல்லுங்கள். அப்பா தப்பை ஒத்துக்கொண்டால் பையன்களுக்கு ஒரு குஷி.

பிறகு அவன் ஆடும் ஒரு மேட்சுக்கு நோட்டோடு போங்கள். ஓரத்திலிருந்து அவனுக்கு ஒழுங்கான கிராஸ் எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். நம் பள்ளி ஆட்டங்களில் நான் பார்ப்பது, பின்னாலிருந்து கோல்கீப்பரோ டிஃபெண்டரோ ஓங்கி உதைப்பார்கள், உயரமான பையன் தலையில் முட்டுவான், பந்து எதிரணிக்குப் போகும். இதில் ஏழு மேட்சில் ஒரு கோல் போட்டதே பெரிது. எண்ணிக்கை கையில் இருந்தால் பள்ளிப் பயிற்சியாளரிடம் அமைதியாகப் பேசலாம். சண்டைக்குப் போகாதீர்கள். வருடத்தில் பாதி ஆட்டமாவது நடுக்களத்திலோ ஓரத்திலோ ஆட விட முடியுமா என்று கேளுங்கள். பதின்மூன்றில் உயரமாக இருப்பவன் பதினேழில் நடுத்தர உயரமாக நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்போது அவனுக்குக் காலில் ஆட்டம் இருக்க வேண்டும். பல வருடம் முன்பு ஒரு பையனை உயரத்தை மட்டும் பார்த்து முன்னே நிறுத்தி, எல்லோரையும் அவன் தலைக்கே அடிக்கச் சொன்னேன். இரண்டு வருடத்தில் அவன் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அது என் தவறு.

வீட்டுப் பக்கத்தில் இடம் இருந்தால் மாலையில் இருபது நிமிடம் போதும். இரண்டு செங்கல்லை வைத்து கோல் ஆக்குங்கள். நீங்கள் ஓரத்திலிருந்து பந்தைத் தரையோடு உருட்ட வேண்டும், அவன் நிறுத்தாமல் ஒரே தொடலில் உள்ளே தட்ட வேண்டும். பந்து வருவதற்கு முன் ஒரு எட்டு பின்னால் போய்விட்டு முன்னால் வரட்டும். கிரிக்கெட் ஆடுகிற பக்கத்து வீட்டுப் பையன் யாராவது டிஃபெண்டராக நின்றால் இன்னும் நல்லது. தலையால் அடிக்கிற பயிற்சி இந்த வயதில் அதிகம் வேண்டாம், செய்தால் மெதுவான பந்தில் நாலைந்து முறை. அமெரிக்காவில் பத்து வயதுவரை உள்ளவர்களுக்குத் தலையால் அடிப்பதையே தடை செய்திருக்கிறார்கள், பதின்மூன்று வரை பயிற்சியில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

அவசரமும் வேண்டாம். ஜிரூ 21 வயதில் பிரெஞ்சு மூன்றாம் டிவிஷனில் இஸ்த்ர் என்ற சின்ன ஊர் அணிக்குக் கடனாக ஆடிக்கொண்டிருந்தார். முதல் டிவிஷனுக்கு வரும்போது 24 வயதை நெருங்கிவிட்டார். பிரான்ஸ் சட்டை போட்டது 25-ல்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பையனுக்கு இடது காலா, வலது காலா? நீங்கள் எழுதவே இல்லை. இடது கால் என்றால் பந்தை நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து உருட்ட வேண்டும் என்பது மாறும். அதை எழுதுங்கள், மீதியை அடுத்த முறை சொல்கிறேன்.